எலிக்கு வந்த நினைவு மனிதனுக்கு வருமா?

வல்லாரை, நெல்லி, பேரீச்சை, மாத்திரை: ஆய்வுக்கூடங்கள் சொல்வது என்ன?



தாமிரபரணியில் வெள்ளம் வடியத் தொடங்கும் நாள்களில் படித்துறைக்குச் சென்று பார்த்திருப்பீர்கள். கலங்கிய நீர் மேற்படி வரை நிற்கும். கீழே எத்தனை படிகள் உள்ளன, எந்தப் படி உடைந்திருக்கிறது, எங்கே கால் வைத்தால் நிற்கலாம் என்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் கரையிலேயே வளர்ந்த சிறுவன் தயக்கமின்றி இறங்கி, நீருக்குள் மறைந்திருக்கும் கல்லின் மீது சரியாகக் கால் பதித்து நிற்பான். அவனை அங்கே கொண்டு சேர்ப்பது அவனுடைய நினைவு.

1981ஆம் ஆண்டில் ரிச்சர்டு மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், எலிகளின் நினைவாற்றலை அளப்பதற்கு ஏறத்தாழ இதே போன்றதொரு சோதனையை அமைத்தார். வட்டமான பெரிய தொட்டி ஒன்று. அதில் பால் கலந்து கலக்கிய நீர். நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. தொட்டியில் விடப்பட்ட எலி முதல் நாளில் அங்குமிங்கும் நீந்தி அலைந்து, தற்செயலாக மேடையைக் கண்டு ஏறிக்கொள்ளும். சில நாள்களில், அறைச் சுவரிலுள்ள அடையாளங்களைக் கொண்டு, நேரே மேடையை நோக்கி நீந்தக் கற்றுவிடும். நினைவு பழுதுபட்ட எலியோ எத்தனை நாள் பழகினாலும் முதல் நாளைப் போலவே சுற்றிச் சுற்றி வரும். அந்த எலிக்கு ஒரு மருந்தைக் கொடுத்த பின் எத்தனை விநாடிகளில் மேடையை அடைகிறது என்று கணக்கிட்டால், மருந்தின் வலிமை ஓரளவு தெரியவரும்.

‘எலிகளிடம் ஞாபக மறதி நீங்கியது, விஞ்ஞானிகள் சாதனை’ என்று நாளேடுகளில் நீங்கள் படிக்கும் செய்திகளில் பல இந்தத் தொட்டியிலிருந்து வருபவைதாம்.

அத்தகைய செய்தித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மதரஸா வகுப்பு முடிந்த ஒரு மாலையில் மாணவன் ஒருவனின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். அவருடைய தாயார் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்பதை மறந்து திரும்பத் திரும்பத் தொழுகிறார். உண்டு முடித்த சிறிது நேரத்தில், ‘எனக்கு யாரும் சோறு தரவில்லையே’ என்று அழுகிறார். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். செய்தித் துண்டோ வல்லாரை எலிகளைக் குணப்படுத்தியதாகச் சொல்கிறது. ‘ஹஜ்ரத், மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?’ என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தபின் நான் அறிந்துகொண்டவற்றை அவருக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் இக்கேள்வி இன்று பல வீடுகளின் கேள்வியாகி இருக்கிறது.

நோய் எது?

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1901இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அப்பெண்மணிக்கு வயது 51தான். மூளையில் இருவகைக் கேடுகளை அவர் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிந்த பொருள் ஒன்று. அணுக்களுக்கு உள்ளே சிக்குப்பிடித்த நூல் போன்ற முடிச்சுகள் மற்றொன்று. முதலாவது பீட்டா அமிலாய்டு என்னும் புரதம். இரண்டாவது டாவ் என்னும் புரதம். இவ்விரண்டும் சேர்ந்த நோய்க்கே அல்சைமர் நோய் என்று பெயர்.

முதுமை மறதிநோய்கள் பலவற்றுள் இது ஒன்று. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களிடையே நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நூற்றுக்கு 7.4 பேருக்கு ஏதேனும் ஒருவகை முதுமை மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆகவே, உங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் ஒரு வாப்பும்மாவோ ஒரு பெரியவரோ இந்நிலையில் இருக்கக்கூடும்.

எலியை எப்படி மறக்கச் செய்கிறார்கள்?

இங்கேதான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். எலிகளுக்கு அல்சைமர் நோய் தானாக வருவதில்லை. ஆய்வாளர்கள் அதற்கு ஒப்பான ஒரு நிலையை உண்டாக்குகிறார்கள். அதற்குப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நோயின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும்.

முதல் வழி, ஸ்கோபோலமின் என்னும் மருந்தை ஊசியில் ஏற்றுவது. நம் ஊர்க் குப்பைமேடுகளில் வளரும் ஊமத்தையிலும் உள்ள நஞ்சு இது. மூளையில் நினைவுக்குத் துணைபுரியும் அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனத்தின் வேலையை இது தடுத்துவிடும். எலி சில மணிநேரம் மறக்கும். பிறகு தானே தெளிந்துவிடும். அமிலாய்டு படிவோ டாவ் முடிச்சோ அதன் மூளையில் இராது.

இரண்டாம் வழி, அலுமினியம் குளோரைடை வாரக்கணக்கில் உடலில் செலுத்துவது. இதனால் மூளையணுக்கள் நலிவுறும், நினைவு மங்கும். (சகோதரிகள் இதைப் படித்து அடுக்களைப் பாத்திரங்களை எண்ணிக் கலங்க வேண்டாம். எலிக்குச் செலுத்தப்படும் அளவு மிகப் பெரியது. அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால் மனிதர்க்கு அல்சைமர் வருகிறது என்பது நிறுவப்படவில்லை.)

மூன்றாம் வழி, ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் மருந்தை மூளைக்குள்ளேயே செலுத்தி, மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் முறையைக் கெடுப்பது.

நான்காம் வழியே இன்று மிகுதியாக மதிக்கப்படுகிறது. மரபுவழியாக இளவயதிலேயே அல்சைமர் வரும் சில குடும்பங்களில் கண்டறியப்பட்ட பழுதான மரபணுவைச் சுண்டெலியின் கருவில் புகுத்துகிறார்கள். அச்சுண்டெலி வளர வளர அதன் மூளையில் அமிலாய்டு படிகிறது; நினைவும் குறைகிறது. ஆனால் இத்தகைய பழுதான மரபணுவால் நோயுறும் மனிதர்கள் மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மேலும், இவ்வகைச் சுண்டெலிகள் பெரும்பாலானவற்றில் டாவ் முடிச்சுகள் மனிதர்க்குப் போல் உண்டாவதில்லை; நரம்பணுக்களும் அவ்வளவாக அழிவதில்லை.

ஆகவே ‘எலிக்குக் குணமானது’ என்று படித்தால், ‘எந்த எலிக்கு?’ என்பதே நம் முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

நம் மண்ணின் மூலிகைகள்

தாமிரபரணியின் வாய்க்கால் கரைகளில் ஈரம் உள்ள இடமெல்லாம் படர்வது வல்லாரை. தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்குத் துவையலாக அரைத்துக் கொடுக்காத தாய்மார் குறைவு. டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வல்லாரையை நீரிலும் வேறு இரு கரைப்பான்களிலும் தனித்தனியே வடித்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். நீரில் வடித்த சாறு மட்டுமே கற்றலையும் நினைவையும் மேம்படுத்தியது. மற்ற இரண்டும் பயன் தரவில்லை. மறு ஆண்டில் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோசோடோசினால் நினைவு கெட்ட எலிகளிடமும் அதே நீர்ச்சாறு பயன் தந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநில ஆய்வாளர்கள் 2012இல், மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளிடமும் வல்லாரை நீர்ச்சாறு நற்பலன் தந்ததாக வெளியிட்டனர். ஒரே மூலிகையானாலும் எந்த முறையில் வடிக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பதை நினைவில் வையுங்கள். கடையில் விற்கும் மாத்திரைக்குள் இருப்பது எந்த வடிப்பு என்று புட்டியின் மேல் எப்போதும் எழுதியிருப்பதில்லை.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் தொடர்ந்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அலுமினியம் குளோரைடால் நினைவு கெட்ட எலிகளுக்கு நெல்லிக்கனியின் துவர்ப்புச் சத்தைக் கொடுத்தபோது நினைவு மீண்டதாகவும் அமிலாய்டு கேடு குறைந்ததாகவும் ஓர் ஆய்வு கூறியது. நாரத்தை, ஆரஞ்சு இனத்துப் பழங்களிலுள்ள ஹெஸ்பெரிடின், வல்லாரையிலுள்ள ஆசியாட்டிக் அமிலம் ஆகியவற்றையும் அதே வகை எலிகளிடம் சோதித்து நற்பலன் கண்டார்கள்.

அமுக்கராக் கிழங்கைப் பற்றிய ஆய்வு இன்னும் வியப்பானது. அரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2012இல் அதை வெளியிட்டது. மூளையில் அமிலாய்டு படிந்துவிட்ட சுண்டெலிகளுக்கு 30 நாள்கள் அமுக்கராச் சாறு வாய்வழியே கொடுக்கப்பட்டது. நினைவு மீண்டது, படிவும் குறைந்தது. மருந்து மூளையில்தான் வேலை செய்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அது வேலை செய்த இடம் கல்லீரல்! கல்லீரலில் அமிலாய்டைப் பிடித்து அகற்றும் ஒரு புரதம் பெருகியதால், மூளையிலிருந்த அமிலாய்டு இரத்தத்திற்கு இறங்கி வெளியேறியது. கல்லீரலில் அப்புரதத்தை ஆய்வாளர்கள் குறைத்தவுடன் மருந்தின் பயனும் நின்றுபோயிற்று. ஒரு மூலிகை எவ்வாறு பயன் தருகிறது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் மிகச் சில.

மஞ்சளையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2001இல் நடந்த ஆய்வில், மஞ்சளின் குர்குமின் சத்தைச் சிறிய அளவில் உண்ட சுண்டெலிகளின் மூளையில் அமிலாய்டு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் முப்பது மடங்கு அதிகம் உண்டவற்றில் அமிலாய்டு அவ்வாறு குறையவில்லை! ‘கொஞ்சம் நல்லது என்றால் நிறைய மிக நல்லது’ என்று எண்ணும் நமக்கு இதில் பாடம் உண்டு.

பேரீச்சையும் அத்தியும்

நம் நோன்புக் கஞ்சியோடு வைக்கப்படும் பேரீச்சையும் ஆய்வுக்கூடத்திற்குப் போயிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, பின்னர் ஓமன் நாட்டின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முஸ்தபா முகமது ஈசாவும் அவருடைய குழுவினரும், ஓமனில் விளைந்த பேரீச்சை, அத்தி, மாதுளை மூன்றையும் மரபணு மாற்றிய சுண்டெலிகளிடம் சோதித்தார்கள். 2015இல் வெளியான பேரீச்சை ஆய்வில், நான்கு மாத வயதுச் சுண்டெலிகளுக்கு, உணவின் நூறு பங்கில் இரண்டு அல்லது நான்கு பங்கு பேரீச்சை கலந்து 14 மாதங்கள் கொடுத்தனர். சுண்டெலிக்கு இது ஏறக்குறைய ஓர் ஆயுட்காலம். முடிவில், வெறும் உணவு உண்டவற்றைவிடப் பேரீச்சை உண்டவை நீர்த்தொட்டியில் நன்கு வழி கண்டன; அச்சமும் குறைந்திருந்தது; இரத்தத்தில் அமிலாய்டும் குறைவாக இருந்தது. அத்தியும் மாதுளையும் நற்பலனே தந்தன.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைக்க மாட்டேன். நம் மனம் விரும்பும் செய்தியைத்தான் நாம் மிகுந்த கவனத்தோடு ஆராய வேண்டும். இச்சுண்டெலிகள் நோய் முற்றுவதற்கு முன்பே, இளவயதிலிருந்தே அப்பழத்தை உண்டன. நோய் முற்றிய முதியவர் ஒருவருக்குப் பேரீச்சை கொடுத்து நினைவு மீண்டது என்பது இதில் சொல்லப்படவே இல்லை. சர்க்கரை நோயுள்ள ஒரு மூதாட்டிக்கு, ‘மருந்தாயிற்றே’ என்று எண்ணி வேளைக்குப் பத்துப் பேரீச்சை கொடுத்தால் நன்மையைவிடத் தீமையே மிகும்.

தொட்டியிலிருந்து மனிதருக்கு

எலியிடம் வென்றவை மனிதரிடம் என்னவாயின?

வல்லாரையை மனிதரிடம் சோதித்த 11 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு, நினைவாற்றலில் வெற்று மாத்திரைக்கும் வல்லாரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடித்தது. மன விழிப்பு சற்றுக் கூடியதாகத் தெரிந்தது, அவ்வளவே. குர்குமினை அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் 24 வாரங்கள் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்விலும் பயன் தெரியவில்லை. வாயால் உண்ணும் குர்குமின் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. நீர்ப்பிரமி ஓரளவு நம்பிக்கை தந்தது. 65 வயதைக் கடந்த 54 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரங்கள் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், சொற்களை நினைவுகூரும் ஆற்றல் மேம்பட்டது. ஆனால் அவர்கள் மறதிநோய் இல்லாத முதியவர்கள். (வடநாட்டில் பிரமி என்ற ஒரே பெயரால் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் குறிப்பதுண்டு, வாங்கும்போது கவனம் தேவை.)

மூலிகைகள் மட்டும் இவ்வாறு தோற்றன என்று எண்ணிவிடாதீர்கள். பெரும் மருந்து நிறுவனங்களின் கதை இதைவிடச் சோகமானது. 1999இல், அமிலாய்டுக்கு எதிரான ஒரு தடுப்பூசி சுண்டெலிகளின் மூளைப் படிவைத் தடுத்ததாக வந்த செய்தி உலகையே மகிழ்வித்தது. மனிதருக்குப் போட்டபோது, நூற்றுக்கு 6 பேருக்கு மூளையில் வீக்கம் ஏற்பட்டது. 2002இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு முதல் 2012 வரை அல்சைமருக்காக 244 மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டன. அவற்றுள் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மெமண்டின் என்னும் ஒன்றே ஒன்று.

அப்படியானால் மருத்துவர் எழுதும் மாத்திரை எங்கிருந்து வந்தது? அவற்றுள் முதன்மையானது டோனெபெசில். அதைக் கண்டறிந்தவர் ஜப்பானியரான ஹச்சிரோ சுகிமோட்டோ. மறதிநோயால் தம் தாயார் தம்மையே அடையாளம் காண இயலாமல் போன துயரமே அவரை இத்துறைக்குத் திருப்பியது. இம்மருந்து அசிட்டைல்கோலின் விரைவாக அழிந்துபோவதைத் தடுக்கிறது. ஸ்கோபோலமின் எலிகளிடம் சிறப்பாக வேலை செய்யும் மருந்து இது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதரிடமும் பயன் தருகிறது, ஆனால் அளவோடுதான். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேலாக, இருக்கும் நினைவைத் தாங்கிப் பிடிக்கும். மூளையணுக்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த கலாண்டமின் பனித்துளிப்பூ என்னும் ஐரோப்பியச் செடியின் இனத்திலிருந்து கிடைத்தது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக விஞ்ஞானம் எதையும் ஒதுக்கிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அண்மைக் காலத்தில் அமிலாய்டையே அகற்றும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. லெகனெமாப் 2023இலும் டோனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. லெகனெமாப் 1795 பேரிடம் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டது. நோய் முற்றும் வேகம் நூற்றுக்கு 27 பங்கு குறைந்தது. ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு மட்டுமே ஏற்றது. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாகலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். செலவோ மிகப் பெரிது. இழந்த நினைவை அதுவும் மீட்டுத் தருவதில்லை.

எப்படி ஒப்பிடுவது?

‘நெல்லியா, அமுக்கராவா, பேரீச்சையா, எது சிறந்தது?’ என்று கேட்கத் தோன்றும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் மணலிலும் மற்றவன் சாலையிலும் ஓடினால் யார் வல்லவன் என்று சொல்ல முடியாது. நெல்லி அலுமினிய எலியிடம் ஓடியது. அமுக்கரா நோய் வந்துவிட்ட சுண்டெலியிடம் 30 நாள் ஓடியது. பேரீச்சை நோய் முற்றுமுன் 14 மாதம் ஓடியது. ஒரே வகை எலி, ஒரே வயது, ஒரே காலம், ஒரே சோதனை என்று அமைத்து, எந்த எலிக்கு எந்த மருந்து என்பதை அளப்பவரும் அறியாதவாறு நடத்தினால் மட்டுமே அந்த ஒப்பீடு செல்லும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. டெல்லி ஆய்வில் எலியின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 200 மில்லிகிராம் வல்லாரைச் சாற்றுப்பொடி கொடுக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அதை அப்படியே பெருக்கினால் நாளொன்றுக்கு 12 கிராம் வரும். ஆனால் எலியின் உடல் மருந்தை நம்மைவிட விரைவாகச் செலவழித்துவிடும். ஆகவே மருந்தியலார் எலியின் அளவை ஏறத்தாழ ஆறால் வகுப்பார்கள். அப்போது ஏறக்குறைய 2 கிராம் என்று வரும். இதுவும் வடித்தெடுத்த சாற்றின் கணக்கே. பச்சை இலையின் கணக்கன்று. துவையலிலோ கடை மாத்திரையிலோ அதில் எத்தனை பங்கு உள்ளது என்று யார் சொல்ல முடியும்?

இந்த ஆய்வுகளுக்காக வாயில்லாப் பிராணிகள் எண்ணற்றவை துன்புற்று மாய்கின்றன. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய சோதனைகளுக்கு வரம்பு விதித்திருக்கிறது. அவ்வுயிர்களின் துன்பம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், சோதனை நேர்மையாக நடக்க வேண்டும். அதன் முடிவும் உள்ளது உள்ளபடி மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும். எலியின் வெற்றியை மனிதனின் வெற்றி என்று சொல்லி லேகியம் விற்பது இரு சாராருக்கும் செய்யும் அநீதி.

வீட்டில் செய்ய வேண்டியவை

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி மிகுந்தால், ‘வயசானா அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் தலைக்குள் ஏற்பட்ட இரத்தக் கட்டு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. பரிசோதிக்காமல் ஆறு மாதம் மூலிகைப் பொடி கொடுத்துக் காத்திருந்தால், குணமாகக் கூடிய நோயும் கைநழுவிப் போகும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகள் இதற்கெனவே இருக்கின்றன.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் அங்கும் முறையாகச் செல்லலாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படித்த சித்த மருத்துவரிடம், இப்போது உண்ணும் எல்லா மாத்திரைகளையும் காட்டிக் கேளுங்கள். ஆங்கில மருத்துவரிடமும் உண்ணும் மூலிகையை மறைக்காதீர்கள். நீர்ப்பிரமி, டோனெபெசிலோடு சேர்ந்து அதே வழியில் வேலை செய்யக்கூடும். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததும், தைராய்டு சுரப்பைக் கூட்டியதும் உண்டு. வல்லாரைத் துவையலும் நெல்லிக்காயும் உணவாக இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை விடவும் வேண்டாம்.

வருமுன் காக்கும் வழி எலிகளிடமிருந்து வரவில்லை; மனிதரிடமிருந்தே வந்திருக்கிறது. 2024இல் வெளியான ஓர் உலகளாவிய மருத்துவக் குழுவின் அறிக்கை, மறதிநோயில் நூற்றுக்கு 45 பங்கு வரை, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது. இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை அவற்றுள் சில. ஐதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இரு மொழி பேசியவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நாலரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. உங்கள் பெண்மக்களைப் படிக்க வையுங்கள். அது அவர்களுடைய முதுமைக்கும் சேர்த்துச் செய்யும் உதவி. காது மந்தமான தாயாருக்குக் காதொலிக் கருவி வாங்கிக் கொடுங்கள். பல லேகியங்களைவிட அது பயன்படும்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன விடை இதுதான்: ‘மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது உங்கள் தாயாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் இருப்பதைச் சிறிது காலம் தாங்கும். வல்லாரை அந்த இடத்தை நிரப்பும் என்பதற்கு எலிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. தைராய்டும் பி12ம் பார்த்துவிட்டார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.’

தாயாரின் தொழுகையைப் பற்றியும் அவர் கலங்கினார். மதி மயங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது ஃபிக்ஹில் தெளிவான சட்டம். ஆகவே ‘தப்பாகத் தொழுகிறாய்’ என்று அந்த மூதாட்டியைக் கண்டிக்க வேண்டாம் என்றேன். முடிந்தால் மருமகளோ பேத்தியோ அருகில் நின்று தொழுதால், அவரும் அவர்களைப் பார்த்துக் குனிந்து எழுவார். சோறு கிடைக்கவில்லை என்று அழுதால், ‘இப்பத்தானே சாப்பிட்டீங்க’ என்று வாதாடாமல், ஒரு சிறு துண்டுப் பழத்தைக் கையில் கொடுத்தால் அமைதியடைவார். முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பைக் காட்டுவதைப் பற்றி நம் வேதம் செய்திருக்கும் எச்சரிக்கையை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

சில வாரங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். பி12 மிகக் குறைவாக இருந்ததாம். ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். மறதி முழுவதும் நீங்கவில்லை; நீங்கும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் சோர்வு குறைந்து, மாலை நேரத்தில் திண்ணையில் வந்து அமர்கிறாராம். ‘மகனின் பேரை மறந்துட்டாங்க ஹஜ்ரத். ஆனா நான் பக்கத்துல உக்காந்தா என் கையைப் பிடிச்சுக்கிறாங்க’ என்றார்.

கலங்கிய நீரில் இறங்கும் முதியவருக்குப் படி எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. அதைக் கண்டுபிடித்துத் தரும் மருந்து வரட்டும். அதற்காகப் பாடுபடும் அறிஞர்களுக்கு அல்லாஹ் துணை நிற்பானாக! அதுவரை, அவர் காலை ஊன்றும் இடத்தில் பற்றிக்கொள்ள நம் கை இருக்கட்டும்.